பந்தயக் காருக்கு விஷ்போன் செய்வது எப்படி: கடைசலும் வெல்டிங்கும்

முதன்முதலாக நாங்கள் செய்த விஷ்போன், அதாவது சக்கரத்தைக் காரின் சட்டகத்தோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கை, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பேரிங் மட்டும் உள்ளே போகவில்லை. துளையை லேத்தில் 19 மி.மீ. அளவுக்குக் கச்சிதமாகக் கடைந்துவிட்டுப் பிறகு வெல்டிங் செய்திருந்தோம். சூடு பட்டு வட்டம் முட்டையாகிவிட்டது. சுத்தியலால் தட்டி ஏற்றியதில் பேரிங்கின் பந்து இறுகிப்போய் அசைய மறுத்தது. ஒரு வார உழைப்பு பழைய இரும்புப் பெட்டிக்குப் போயிற்று.

ஃபார்முலா ஸ்டூடன்ட் போன்ற போட்டிகளுக்கு முதன்முறையாகக் கார் கட்டும் மாணவர்களுக்காக எழுதுகிறேன். வேலையின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். கடைசி அளவு எப்போதும் வெல்டிங்குக்குப் பிறகுதான்.

என்னென்ன துண்டுகள்

கவட்டைக் குச்சிபோல இரண்டு குழாய்கள் ஒரு முனையில் சேர்வதுதான் விஷ்போன். சேரும் முனையில், சக்கரத்தின் பக்கம், உருண்டை பேரிங் உட்காரும் கிண்ணம். சட்டகத்தின் பக்கம் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மரை போட்ட செருகி. ராட் எண்ட், அதாவது தலையில் உருண்டை பேரிங்கும் தண்டில் மரையும் உள்ள துண்டு, அதில் திருகப்படும்.

சக்கரப் பக்கத்திலும் ராட் எண்டையே போட்டால் வேலை மிச்சமாகாதா என்று புதிதாக வரும் எல்லோரும் கேட்பார்கள். ராட் எண்டின் தண்டு இழுவையைத் தாங்கும், அமுக்கத்தையும் தாங்கும். பிரேக் அடிக்கும்போது அங்கே வருவது வளைவு. மரையின் பள்ளத்தில் விரிசல் தொடங்கி, ஒரு நாள் சக்கரம் தனியாகப் போகும். கிண்ணம் செய்ய நேரம் பிடிக்கும்தான்; செய்யுங்கள்.

குழாய் 4130 குரோம் மாலிப்டினம் எஃகு. விளக்கத்துக்காக 16 மி.மீ. வெளிவிட்டம், 1.5 மி.மீ. சுவர்க் கனம் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் காருக்கான அளவைச் சுமைக் கணக்கு போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

லேத் வேலை

கையுறையைக் கழற்றுங்கள். வெல்டிங்குக்குக் கட்டாயமான அதே கையுறை லேத்தில் ஆபத்து. சுழலும் துண்டு துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சக் சாவியை (துண்டைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவி) வேலை முடிந்ததும் கையோடு எடுத்துவிடுங்கள்.

குழாயின் உள்விட்டம் 13 மி.மீ. எனவே செருகியின் நுழையும் பகுதியை 12.9-க்குக் கடையுங்கள். கணக்கை மட்டும் நம்பாமல், கையில் இருக்கும் குழாயின் உள்ளை அளந்துகொள்ளுங்கள். தோள்பட்டைப் பகுதியின் விட்டம் குழாயின் வெளிவிட்டமே. குழாயைத் தொடும் விளிம்பைச் சாய்வாகச் சீவிவிட்டால் வெல்டு இறங்கப் பள்ளம் கிடைக்கும்.

பிறகு சென்டர் டிரில், அடுத்து 6.8 மி.மீ. துளை, பின்பு எம்8 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி). மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையால் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று எண்ணெய் விட்டுப் போடுங்கள். ராட் எண்ட் குறைந்தது 12 மி.மீ. ஆழத்துக்குப் பிடிக்க வேண்டும். துளை செருகியின் மறுபக்கம்வரை போகட்டும். அதற்கான காரணம் வெல்டிங்கில் தெரியும். இடது மரைச் செருகி செய்தால் தோளில் மெல்லிய கோடு ஒன்று கடைந்துவிடுங்கள். பெயின்ட் அடித்த பிறகு எது இடது, எது வலது என்று தேடி நின்றிருக்கிறோம்.

கிண்ணத்தின் துளையை 18.5 மி.மீ.யோடு நிறுத்துங்கள். மீதி அரை மில்லிமீட்டர் சூட்டுக்கு நாம் விட்டுவைக்கும் பங்கு.

குழாய் முனையைப் பொருத்துவது

கிண்ணத்தின் வெளிவிட்டமே உள்ள ஹோல் சா (வட்டமாக வெட்டும் வாள்) கொண்டு முதல் குழாயின் முனையை வளைவாக வெட்டுங்கள். இரண்டாவது குழாய் கிண்ணத்தோடு முதல் குழாயையும் தொடும். அந்த இடத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத்தான் பொருத்த முடியும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். தாள் நுழையும் சந்து இருந்தால் பரவாயில்லை. வெல்டில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பியே நுழைந்தால் அந்தக் குழாயை ஒதுக்கிவிட்டு வேறு வெட்டுங்கள். அகலமான சந்தை நிரப்பும் வெல்டு அதிகமாகச் சுருங்கி, கோணத்தை இழுத்துவிடும்.

ஜிக்

வெல்டிங்கின்போது துண்டுகளை அசையாமல் பிடிப்பதுதான் ஜிக். தடித்த தகட்டில் கிண்ணத்துக்கும் இரண்டு செருகிகளுக்குமான மூன்று புள்ளிகளை மில்லிங் இயந்திரத்தில் துளையிட்டு, முளைகளை நட்டு, துண்டுகளை அவற்றில் பூட்டுங்கள். உண்மையான பேரிங்கையோ ராட் எண்டையோ வெல்டிங்கின்போது மாட்டக் கூடாது. உள்ளிருக்கும் உறை சூட்டில் கெட்டுவிடும். அதே அளவில் கடைந்த போலித் துண்டு போதும்.

வெல்டிங்

எல்லா முனைகளையும் பளபளப்பு வரும்வரை தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம்: வெல்டிங் மின்வில்லின் சூட்டிலும் புறஊதா ஒளியிலும் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும்.

டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் எழும் மின்வில்லால் உருக்குவது), நேர்மின்னோட்டம், டார்ச் எதிர்முனையில், ஆர்கான் வாயு, 1.6 மி.மீ. டங்ஸ்டன், ஈஆர்70எஸ்-2 கம்பி. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 40 ஆம்பியர் என்று தொடங்கலாம். நம் குழாய்க்கு 60.

எதிரெதிராக நான்கு டாக் (துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு புள்ளி வெல்டு) வைத்து, அளவைச் சரிபார்த்த பிறகே முழு வெல்டு. ஒரு குழாயில் கொஞ்சம், மறு குழாயில் கொஞ்சம் என்று மாறி மாறிப் போங்கள். உருகிய குட்டை இரண்டு உலோகத்தையும் சேர்த்து நனைத்த பிறகே கம்பியைத் தொடுங்கள். அவசரப்பட்டால் கம்பி மட்டும் உருகி மேலே உட்காரும். அது ஒட்டு, வெல்டு அல்ல. முடிக்கும் இடத்தில் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கால்மிதியைச் சட்டென்று விடாமல், குட்டை சுருங்கச் சுருங்க மின்னோட்டத்தைக் குறையுங்கள். வாயு நிற்கும்வரை டார்ச்சை அங்கேயே வைத்திருங்கள். இல்லாவிட்டால் நடுவில் நட்சத்திர வடிவில் விரிசல் விழும்.

செருகியில் மறுபக்கம்வரை துளை கேட்டது இதற்காகத்தான். குழாய்க்குள் சூடான காற்றுக்கு வழியில்லாவிட்டால், கடைசி இணைப்பை வெல்டால் அடைக்கும்போது அது வெல்டை ஊதித் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

முடிந்ததும் தண்ணீர் கூடாது, கம்ப்ரஸர் காற்றும் கூடாது. 4130 வேகமாகக் குளிர்ந்தால் வெல்டின் ஓரம் கண்ணாடிபோல நொறுங்கும். ஜிக்கிலேயே தானாக ஆறட்டும்.

இவற்றையெல்லாம் முதலில் கழிவுத் துண்டுகளில் பழகுங்கள். ஒன்றை வாளால் நெடுக்காக அறுத்து, அரத்தால் தேய்த்து, உலோகம் வேர்வரை உருகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துண்டுகள் தேறும்வரை காருக்கான விஷ்போனை அனுபவமுள்ளவரே வெல்டு செய்யட்டும்.

கடைசி அளவு

ஆறிய பிறகு கிண்ணத்தை மில்லிங் இயந்திரத்தில் பிடித்து, போரிங் ஹெட்டால் 19 மி.மீ.க்குக் கொண்டுபோங்கள். இங்கே 0.02 மி.மீ. பெரிய விஷயம், துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜால் இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். பேரிங் வெளியே வராமல் பிடிக்கும் சர்க்கிளிப் வளையத்துக்கான பள்ளத்தையும் இப்போதே வெட்டலாம். பேரிங்கை அழுத்தும்போது வெளிவளையத்தை மட்டும் தள்ளுங்கள். ஏறியதும் பந்து விரலால் சுழல வேண்டும். மரைகளிலும் டேப்பை மறுபடி ஒருமுறை ஓட்டுங்கள்.

டை பெனிட்ரன்ட் (விரிசலுக்குள் புகுந்து அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம்) பூசி விரிசல் தேடிய பிறகு பெயின்ட். மெல்லிய பூச்சு, வெளிர் நிறம். மின்முலாம் வேண்டாம், அதில் ஹைட்ரஜன் புகுந்து கடினமான எஃகைப் பலவீனமாக்கக்கூடும். முதல் ஓட்டம் முடிந்து கார் திரும்பியதும் சக்கரங்களைக் கழற்றி, வெல்டின் ஓரங்களில் டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அந்த விஷ்போன் திரும்ப ஓடக் கூடாது.