அவுட்லுக் அனுமதி கேட்டு நிற்கும்போது

ராணிப்பேட்டையில் ஒரு காலணி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தபோது, இருநூறு பேருக்கான சம்பளச் சீட்டுகளை எக்செல் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) மூலம் அவுட்லுக் என்ற மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் மென்பொருளில் அனுப்பும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. ஒரு மாலை மேக்ரோவை ஓடவிட்டு, முத்துக்கடையில் வேலூர்ப் பேருந்து ஏறிவிட்டேன். மறுநாள் காலையில் திரையில் ஒரு பெட்டி நின்றிருந்தது. ஏதோ ஒரு நிரல் உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப முயல்கிறது, அனுமதிக்கலாமா என்று அது கேட்டது. ஒரு சீட்டுகூடப் போயிருக்கவில்லை.

அந்தப் பெட்டியை எரிச்சலோடு பார்க்க வேண்டாம். 1999இல் மெலிசா, 2000 மே மாதத்தில் ஐ லவ் யூ ஆகிய தீநிரல்கள் அவுட்லுக்கின் முகவரிப் புத்தகத்தைத் திறந்து, அதில் இருந்தவர்களுக்குத் தாமாகவே பரவிய பிறகு வைக்கப்பட்ட காவல் அது. பழைய பதிப்புகளில் அனுமதிப் பொத்தான் 5 நொடி அழுத்த முடியாதபடி மங்கியே இருக்கும். கடிதத்துக்கு 5 நொடி என்றால் 200 சீட்டுக்கு 1000 நொடி. ஏறக்குறைய 17 நிமிடம் ஒருவர் திரைமுன் உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து நிலைமை மாறியது. கணினியில் ஆன்டிவைரஸ் இயங்கிக்கொண்டும் புதுப்பிக்கப்பட்டும் இருந்தால், வழக்கமான அமைப்பில் அவுட்லுக் கேட்பதில்லை. ஆகவே பெட்டி வருகிறதென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது உங்கள் மேக்ரோவை அல்ல, ஆன்டிவைரஸை. ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர், டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ் என்று போய், புரோகிராமேட்டிக் ஆக்சஸ் பக்கத்தைத் திறந்தால், ஆன்டிவைரஸின் நிலை அங்கேயே எழுதியிருக்கும். செல்லாது என்று காட்டினால், உரிமம் முடிந்துவிட்டதா, புதுப்பிப்பு நின்றுவிட்டதா என்று பாருங்கள். எங்கள் கணினியில் உரிமம் முடிந்திருந்தது. அதைச் சரிசெய்து அவுட்லுக்கை மூடித் திறந்ததும் பெட்டி வருவது நின்றுபோனது. மேக்ரோவில் ஒரு வரியையும் மாற்றவில்லை.

அதே பக்கத்தில், ஒருபோதும் எச்சரிக்காதே என்றொரு தேர்வும் உண்டு. அது மங்கலாகத் தெரிந்தால், அவுட்லுக்கை நிர்வாகி உரிமையோடு திறந்தால்தான் மாற்ற முடியும். ஆனால் அதைத் தொடாதீர்கள் என்றே சொல்வேன். வெளிநாட்டு வாங்குவோரின் முகவரிகள் இருக்கும் கணினியிலிருந்து, எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று ஒரு பொய்க் கடிதம் போனால், ஒரு கப்பல் சரக்கின் பணமே கைமாறிப் போகக்கூடும். பெட்டி வந்தவுடன் அனுமதியைத் தானாக அழுத்திவிடும் சிறு நிரல்களும் கிடைக்கின்றன. உங்கள் மேக்ரோவுக்கு அழுத்தும் அந்த நிரல் தீநிரலுக்கும் அழுத்தும் என்பதால், அவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

அனுப்ப வேண்டியது பத்துக் கடிதம்தான் என்றால், மேக்ரோவில் சென்ட் என்ற கட்டளைக்குப் பதிலாக டிஸ்ப்ளே என்று எழுதுங்கள். கடிதங்கள் திரையில் திறக்கும். பார்த்துவிட்டு நீங்களே அனுப்பலாம்.

அலுவலகத்தின் பொதுக் கணினியான விண்டோஸ் சர்வரில் ஓடும் வேலைக்கு இவை உதவா. ஆன்டிவைரஸின் நிலையை அவுட்லுக்குக்குச் சொல்லும் செக்யூரிட்டி சென்டர் என்ற விண்டோஸ் பகுதி அங்கே இல்லாததால், நல்ல ஆன்டிவைரஸ் இருந்தாலும் கேள்வி வந்துகொண்டே இருக்கும். அங்கே அவுட்லுக்கை விட்டுவிட்டு, எஸ்எம்டிபி என்ற மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறை வழியாக 587ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) நேரடியாக அனுப்புவதே முறை. ஜிமெயில் கணக்கென்றால் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, நிரலுக்கென்றே தனியாகத் தரப்படும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதை எக்செல் கோப்புக்குள் எழுதி வைக்காதீர்கள். அந்தக் கோப்பு எத்தனை பென்டிரைவ்களில் ஏறி இறங்குமென்று உங்களுக்குத் தெரியாது.

எதை மாற்றினாலும், மாத முதல் வாரத்துக்குக் காத்திராமல், உங்கள் சொந்த முகவரிக்கே மூன்று சீட்டுகளை அனுப்பிப் பாருங்கள். சம்பள நாளன்று, சென்ட் ஐட்டம்ஸில் இருக்கும் எண்ணிக்கை பட்டியலோடு ஒத்துப்போன பிறகு இருக்கையை விட்டு எழுந்திருங்கள்.