பிரான்சுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: ‘ஜெ தெம்’ எழுதுவதற்கு முன்

நீண்டகால விசாவில் வந்தவர்கள் 3 மாதத்துக்குள் அதை இணையத்தில் பதிந்துவிடுங்கள். அப்புறம் வங்கிக் கணக்கு, கார்ட் வித்தால் என்ற மருத்துவக் காப்பீட்டு அட்டை, மொழி வகுப்பு. இதெல்லாம் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் எந்தக் கடை வாசலில் நின்று கேட்டாலும் சொல்வார்கள். ஒருவரும் சொல்லித்தராத விஷயம் வேறு.

என் நண்பரின் தம்பி ஒரு உணவகக் குசினியில் வேலை செய்தான். அங்கே பரிமாறும் பெண் வந்ததும் கன்னத்தோடு கன்னம் வைத்து ‘பீஸ்’ கொடுப்பாள். தட்டை வாங்கும்போது ‘மெர்சி மோன் கேர்’ என்பாள், அதாவது ‘என் இதயமே’. வேலை நேரம் பற்றிச் செய்தி அனுப்பினாலும் முடிவில் ‘பிஸூ’, முத்தங்கள். ஒருநாள் ‘ஜெ தெம் பியான்’ என்றும் சொல்லிவிட்டாள். ஊரில் இதில் கால்வாசி நடந்தாலே கல்யாணப் பேச்சு எழும். அவன் அன்றிரவே ‘ஜெ தெம்’, அதாவது ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று எழுதினான். பதில் வரவில்லை என்று திரும்பத் திரும்ப எழுதினான். அவள் முதலாளியிடம் போனாள், இவனுக்கு வேலை போனது. அவள் பயந்ததில் பிழை இல்லை. அவனும் கெட்ட பிள்ளை இல்லை. மாதக்கணக்கில் வினைச்சொற்களை ஒப்பிக்க வைத்த வகுப்பில் இதை ஒருவரும் சொல்லவில்லையே என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆளைப் பார்த்துச் சொல்லும் ‘ஜெ தெம்’ தனியாக நின்றால்தான் கனம். காதலர்கள் சொல்வது, பெற்றோரும் பிள்ளைகளும் சொல்வது. பக்கத்தில் ‘நன்றாக’ என்று பொருள்படும் ‘பியான்’ வந்தால் நம் கணக்கில் அன்பு கூட வேண்டும், இங்கே இறங்கிவிடும். ‘உன்னை எனக்குப் பிடிக்கும், நல்ல ஆள்’ என்ற அளவுதான். ‘நிறைய’ என்ற ‘போக்கு’ சேர்த்தாலும் பெரும்பாலும் அப்படியே. ‘ஜெ தாதோர்’ காதில் பெரிதாக விழும், ஆனால் தோழிகள் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொள்வது. சந்தையில் காய்கறிக்காரர் ‘மா பெல்’, அதாவது ‘என் அழகியே’ என்று கூப்பிட்டால் காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பள்ளியில் ஆசிரியை உங்கள் மகளை ‘மா பியூஸ்’ என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். அகராதியில் தெள்ளுப்பூச்சி என்றுதான் இருக்கும், அவர் கொஞ்சுகிறார்.

பீஸ் பாரிஸில் வழக்கமாக 2, மொன்பெலியே பக்கம் 3. கன்னம்தான் படும், உதடு படாது. 2020 கொரோனாவுக்குப் பிறகு பலர் விட்டுவிட்டார்கள். கூச்சமாக இருந்தால் முதலில் நீங்களே கையை நீட்டுங்கள், ஒருவரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

தங்கச்சிமாருக்கு இன்னொன்று. கூடப் படிக்கும் பையனை ‘மோன் கொப்பான்’ என்று அறிமுகம் செய்தால் காதலன் என்றுதான் எல்லோரும் எடுப்பார்கள். ‘ஆன் அமி’, ஒரு நண்பர் என்று சொல்லுங்கள். லாச்சப்பலில் காலையில் சொன்னது மாலைக்குள் யாழ்ப்பாணத்தில் அம்மாவின் காதுக்குப் போய்விடும்.

பழைய அகராதியைப் பார்த்து முத்தமிடுவதற்கு ‘பேசே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வினைச்சொல்லாக வந்தால் இன்று அது பச்சைக் கெட்ட வார்த்தை. ‘அம்ப்ராசே’ தான் சரி.

உண்மையிலேயே ஒருவரைப் பிடித்திருந்தால், வேலை முடிந்து ஒரு காபி குடிக்கலாமா என்று ஒருமுறை கேளுங்கள். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ அதோடு விடுங்கள், மறுபடி எழுதாதீர்கள். பாலியல் தொந்தரவு என்று வழக்கானால் இங்கே 2 ஆண்டு சிறையும் 30,000 யூரோ அபராதமும் வரை போகும்.