துயரமான நேர்காணல்களுக்குப் போகும் ஆய்வாளர்கள் தங்களையும் பார்த்துக்கொள்வது எப்படி

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் அதற்கு முன்பே கருத்தடை செய்துகொண்டவர்கள். அவர்கள் மறுபடி குழந்தை பெற, கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைசிகிச்சையை அரசு இலவசமாகச் செய்துகொடுத்தது. அந்தப் பெண்களிடம் பேசத்தான் பல வருடம் கழித்து நான் போனேன். கேள்வித்தாள், ஒப்புதல் படிவம், ரெக்கார்டர், கூடுதல் பேட்டரி எல்லாம் தயாராக இருந்தது. இதையெல்லாம் கேட்டால் எனக்கு என்ன ஆகும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி, நம்மிடம் பேசுபவருக்கு வரும் பாதிப்பைத்தான் துருவித் துருவிக் கேட்கும், கேட்கவும் வேண்டும். உங்களுக்கான ஏற்பாட்டைப் பெரும்பாலும் நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் நாள் கணக்கு. ஒரு நாளைக்கு ஒரு நேர்காணல், அவ்வளவுதான். பஸ் செலவை மிச்சம் பிடிக்க நான் ஒரே நாளில் மூன்று வைத்தேன். மூன்றாவது வீட்டு அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, மடித்து வைத்திருந்த சின்னச் சட்டையை எடுத்து என் மடியில் வைத்தார். பட்டன் ஒன்று மட்டும் வேறு நிறம், அவர் கையால் தைத்தது. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அடுத்த கேள்வி என்ன என்று தாளைப் பார்த்தேன். அப்படி மனசு மரத்துப்போகிற அளவுக்கு விடாதீர்கள், நம்மை நம்பிப் பேசுகிறவருக்கு அது பெரிய அநியாயம்.

பேசும்போது கண் கலங்கினால் பரவாயில்லை, துடைத்துக்கொண்டு தொடரலாம். ஆனால் அவர் உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிட்டால் ரெக்கார்டரை அணைத்துவிடுங்கள். முடிந்ததும் உடனே பஸ் பிடிக்க ஓட வேண்டாம், எங்கேயாவது அரை மணி நேரம் உட்கார்ந்து, உங்களுக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் தனி நோட்டில் எழுதுங்கள். ஒரு இடத்தில் ஏன் மேலே கேட்காமல் விட்டோம் என்பது பின்னால் பகுப்பாய்வு செய்யும்போது அந்த நோட்டில்தான் கிடைக்கும்.

பலருக்குத் தெரியாத விஷயம், நேரில் கேட்பதைவிட எழுத்தாக்கம் செய்வதுதான், அதாவது ஒலிப்பதிவைக் கேட்டு வார்த்தைக்கு வார்த்தை எழுதுவதுதான் அதிகம் அறுக்கும். நேரில் அவர் முகம் இருக்கிறது, கொடுத்த டீ இருக்கிறது. ஹெட்போனில் குரல் மட்டும்தான், அதுவும் ஒரு வாக்கியம் தெளிவாகக் கேட்கவில்லை என்று ஐந்து முறை பின்னால் தள்ளிக் கேட்கும்போது அந்த அழுகையையும் ஐந்து முறை கேட்கிறோம். அதனால் இரவில் செய்யாதீர்கள். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள அறையில், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வந்து செய்யுங்கள்.

அப்புறம், பேச ஒரு ஆள் வேண்டும். ஆய்வை வழிநடத்தும் கைடு நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் நம் ஆய்வை மதிப்பிடுபவர் என்பதால் அவரிடம் எல்லாம் வாய் திறக்க வராது. இதே மாதிரி வேலை செய்யும் ஒருவரோடு வாரம் ஒருமுறை பேசுவது என்று வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பெயர், ஊர், அடையாளம் எதுவும் சொல்லாமல் உங்கள் மனநிலையை மட்டும் பேசுங்கள்.

தூக்கம் கெடுகிறது, ஆடியோ கோப்பைத் திறக்கவே கை வரவில்லை, வீட்டில் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறீர்கள், இதெல்லாம் இரண்டு வாரம் நீடித்தால் ஆலோசகரைப் பாருங்கள். எனக்கு, அக்கா மகனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாலே கை நடுங்கியது. இது பலவீனம் கிடையாது, 1990-களிலேயே உளவியலாளர்கள் பெயர் வைத்து விவரித்த பாதிப்பு. உடனே யாரும் கிடைக்காவிட்டால் அரசின் மனநல தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

எழுத்தாக்கத்தை வெளியே கொடுப்பவர்கள், எந்தப் பதிவில் எந்த நிமிடத்தில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். எனக்குத் தட்டச்சு செய்து தந்த பெண் நான்காவது பதிவோடு போதும் என்று சொன்ன பிறகுதான், அவருக்கும் ஒரு கைக்குழந்தை இருப்பது எனக்குத் தெரிந்தது.