துப்பாக்கி விஷயத்தில் பக்கத்து ஆளின் சட்டம் நமக்கில்லை

அமெரிக்கா வந்த இரண்டாவது வாரம். டல்லாஸ் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட வரிசையில் நிற்கிறேன். முன்னால் நின்றவர் ஒரு கையில் டயாப்பர் பாக்கெட், இன்னொரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இடுப்பு பெல்ட்டில் தோல் உறை, அதில் கறுப்பாக ஒரு கைத்துப்பாக்கி. போலீஸ் உடுப்பெல்லாம் இல்லை, அரைக்கால் சட்டைதான். கல்லாவில் இருந்த பெண் அவரிடம் மழை வருமா என்று பேசிக்கொண்டே பில் போட்டார். கடையில் அதை உற்றுப் பார்த்தது நான் ஒருவன்தான்.

இதற்குப் பெயர் ஓப்பன் கேரி. மற்றவர் கண்ணில் படும்படி துப்பாக்கியைச் சுமப்பது. டெக்சாஸில் 2016 ஜனவரி முதல் லைசன்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை இப்படி வெளியே தெரிய வைத்துக்கொள்ளலாம். 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயது ஆகி வேறு சட்டத் தடை எதுவும் இல்லாதவருக்கு அந்த லைசன்ஸும் வேண்டாம் என்றாகிவிட்டது. இல்லினாய் போனால் கதை வேறு, அங்கே ஓப்பன் கேரி கிடையாது. ஒரே நாடு, நடுவில் சில மாநில எல்லைகள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படி ஒருவரைப் பார்த்தால் என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். முறைக்க வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம், ‘இது என்ன மாடல்’ என்று பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம். உறைக்குள் இருக்கும்வரை அது அவருடைய பெல்ட் மாதிரி. கையில் எடுத்துவிட்டார், யாரையோ மிரட்டுகிறார் என்றால் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் 911 அடியுங்கள்.

டெக்சாஸ் கடை வாசல்களில் 30.06, 30.07 என்று எண் போட்ட பலகைகள் தொங்கும். முதலாவது, லைசன்ஸ் இருந்தாலும் மறைத்து வைத்த துப்பாக்கியோடு உள்ளே வராதே என்பது. இரண்டாவது, வெளியே தெரிகிற துப்பாக்கிக்கு. சில இடங்களில் சிவப்பு எழுத்தில் பெரிதாக 51% என்று இருக்கும். தள்ளுபடி என்று நினைத்து உள்ளே போன ஆள் நான். வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவில் வருகிறது, ஆகவே துப்பாக்கி கூடாது என்று அர்த்தமாம்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம். ஆபீஸில் ஒரு நல்ல மனிதர் இருப்பார். ‘வாங்க, சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகலாம், என் துப்பாக்கியில் சுட்டுப் பாருங்க’ என்பார். அன்பாகத்தான் கூப்பிடுவார். ரேஞ்ச் என்றால் காசு கட்டிச் சுட்டுப் பழகும் இடம். அங்கே ஐடி கேட்பார்கள், ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். விசா என்ன என்று பல இடங்களில் கேட்கவே மாட்டார்கள். ஆனால் வேலைக்கு வரும் எச்-1பி, எல்-1, படிக்க வரும் எஃப்-1, எச்-1பிக்காரரின் குடும்பம் வரும் எச்-4, சுற்றுலாவுக்கு வரும் பி-2 எதுவானாலும், அந்த விசாக்களில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் சட்டம். விலைக்கு வாங்கினால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடித்தாலும் வைத்திருந்ததாகத்தான் கணக்கு. தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். அது இருக்கட்டும், துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தவே தனிக் காரணம்.

விதிவிலக்கு உண்டு. மாநிலம் கொடுக்கும் செல்லுபடியான வேட்டை லைசன்ஸ் கையில் இருந்தால் அந்தத் தடை விலகும். ஆனால் அது காலாவதியான மறுநாள் நிலைமை என்ன என்று யோசியுங்கள். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. அதுவரை எனக்குத் தெரிந்து பத்திரமான பதில் ஒன்றுதான்: ‘விசா ஒத்துக்காது, நான் காபியோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.’ யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் நண்பர் அமெரிக்கக் குடிமகன். அவருக்கு அது உரிமை, 1791-இல் வந்த அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் வரைக்கும் போய் விளக்குவார். விளக்கட்டும். அவர் சட்டம் அவருக்கு.

வண்டி ஓட்டும்போது போலீஸ் விளக்குப் போட்டு நிறுத்தச் சொன்னால், இறங்கிப் போய்ப் பணிவாகப் பேசுவதுதான் மரியாதை என்று நமக்குப் பழகியிருக்கிறது. இங்கே அது ஆபத்து. எந்த வண்டியிலும் துப்பாக்கி இருக்கலாம் என்ற நினைப்போடுதான் அந்த அதிகாரி நடந்து வருகிறார். ஓரங்கட்டுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வையுங்கள். காகிதங்கள் டேஷ்போர்டு அறையில் இருந்தால், ‘அங்கே இருக்கு, எடுக்கட்டுமா’ என்று கேட்டுவிட்டு, சரி என்ற பிறகு மெதுவாக எடுங்கள். பின்சீட்டில் பெரியவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பதறிப்போய்க் கதவைத் திறப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

அடுத்தவர் வீட்டு வாசலும் அப்படித்தான். 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஜப்பானிலிருந்து படிக்க வந்த 16 வயதுப் பையன் ஹாலோவீன் விருந்துக்கு வழி தவறி வேறொரு வீட்டு மணியை அடித்தான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து ‘ஃப்ரீஸ்’ என்றார். பையன் நிற்கவில்லை, சுடப்பட்டு இறந்துபோனான். குளிர்பதனப் பெட்டியோடு நாம் முடிச்சுப் போடும் அந்தச் சொல்லுக்கு அங்கே ‘அசையாதே’ என்று பொருள். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். முகவரி சந்தேகமாக இருந்தால் தெருவில் நின்றே போன் போடுங்கள்.

குழந்தை முதல் தடவை வகுப்புத் தோழன் வீட்டுக்கு விளையாடப் போகும்போது, ‘வீட்டில் துப்பாக்கி இருக்கா, பூட்டி வைத்திருக்கிறீர்களா’ என்று கேளுங்கள். நாய் இருக்கா, நீச்சல் குளம் இருக்கா என்று கேட்கிறோமே, அதோடு சேர்த்து. எனக்கு முதல் முறை நாக்கு எழவில்லை, மனைவிதான் கேட்டார். அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. மாடியில் பெட்டகத்தில் இருக்கிறது, சாவி என்னிடம் என்றார். துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் என்ன செய்வது என்று, பள்ளியில் விளக்கை அணைத்து மூலையில் பதுங்கி உட்காரும் ஒத்திகையும் நடக்கும். ஐந்து வயதுக் குழந்தை சாப்பாட்டு மேசையில் அதை ஒரு விளையாட்டு மாதிரி விவரிக்கும்போது நமக்குச் சோறு இறங்காது. பழகிவிடும் என்று சொல்ல மாட்டேன்.

கனடாவில் இடுப்புத் துப்பாக்கிக் காட்சி கிடையாது. கைத்துப்பாக்கியைத் தனியாருக்கு விற்பதே 2022 அக்டோபர் 21 முதல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வேட்டைத் துப்பாக்கி வேண்டுமென்றால் பாதுகாப்பு வகுப்பு, தேர்வு, பிறகு PAL என்று சுருக்கமாகச் சொல்லும் துப்பாக்கி லைசன்ஸ். விண்ணப்பத்தில் கணவன் அல்லது மனைவியின் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. கடந்த இரண்டு ஆண்டில் பிரிந்த துணைக்கும்தான். போடாவிட்டால் அவர்களுக்குத் தகவல் போகும். எனக்குப் பிடித்த விதி இது.

பிரிட்டன் போகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், கைப்பையைப் பாருங்கள். பெப்பர் ஸ்பிரே அங்கே 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தில், இயந்திரத் துப்பாக்கி இருக்கும் அதே ஐந்தாம் பிரிவில் வருகிறது. தற்காப்புக்கு வைத்திருந்தேன் என்பது எடுபடாது. 1996-இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு கைத்துப்பாக்கியே ஏறக்குறைய இல்லாமல் போன நாடு அது. ரோந்துப் போலீஸ்காரரிடமே பெரும்பாலும் இருக்காது. ஹீத்ரோவில் பார்க்கிற ஆயுதப் போலீஸை வைத்து ஊரை எடைபோடாதீர்கள்.

சிங்கப்பூருக்குத் துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டரைக்கூடக் கொண்டுபோகக் கூடாது. நிஜத் துப்பாக்கியால் ஆளைக் காயப்படுத்தச் சுட்டால் மரண தண்டனை. ஆஸ்திரேலியாவில், ஜெல் உருண்டைகளைச் சுடும் ஜெல் பிளாஸ்டருக்குக் குயின்ஸ்லாந்தில் லைசன்ஸ் வேண்டாம், எல்லை தாண்டி நியூ சவுத் வேல்ஸ் போனால் லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி. இணையத்தில் ஆர்டர் போடும் முன் முகவரியில் எந்த மாநிலம் என்று பாருங்கள்.

சுவிட்சர்லாந்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் ரயிலில் ஏறினால், சீருடையில் இருபது வயதுப் பையன்கள் ராணுவத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போய் வருகிறவர்கள். சூரிக்கில் இருக்கும் ஈழத்து நண்பர் ஒருவர் வந்த புதிதில் அதைப் பார்த்து அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டாராம். அவர் பார்த்து வளர்ந்த சீருடைகள் வேறு. கிராமங்களில் வார இறுதியில் வெடிச்சத்தம் கேட்டாலும் பதற வேண்டாம், அநேகமாக ஊர்ச் சுடுகளமாகத்தான் இருக்கும். பாரிஸின் கார் டு நோர் ஸ்டேஷனில் துப்பாக்கியோடு சுற்றும் சிப்பாய்களும் 2015 ஜனவரித் தாக்குதலுக்குப் பிறகு தொடரும் காவல்தான்.

சுவிஸில் இன்னொன்று. அந்நாட்டு ஆயுத விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. சில நாட்டுக் குடிமக்கள் ஆயுதம் வாங்கவோ, வைத்திருக்கவோ, சுடவோ கூடாது. அதில் இலங்கையும் உண்டு. கூடப் படித்த சுவிஸ் நண்பன் சுடுகளத்துக்குக் கூப்பிடுவான். கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு என்றால், கன்டோன், அதாவது அங்குள்ள மாநில அரசின் அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

போன வருடம் அப்பா இங்கே வந்திருந்தார். நண்பர் ஒருவர் ரேஞ்சுக்கு அழைத்துப் போனார். அப்பா சுடவில்லை, வேடிக்கைதான் பார்த்தார். ஊருக்குக் கிளம்பும் முந்தின இரவு சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது பையிலிருந்து ஒரு பித்தளைக் கூடு விழுந்தது. ‘காலியாத்தானேடா இருக்கு, பேரனுக்குக் காட்ட எடுத்தேன்’ என்றார். அமெரிக்கச் சட்டம் தோட்டா என்று சொல்லும்போது அந்தக் காலிக் கூட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது, அப்பா வந்ததோ பி-2 விசாவில். அந்தப் பக்கம் இந்திய விமான நிலையத்தில் பெட்டியில் தோட்டா அகப்பட்டால் 1959 ஆயுதச் சட்டம். காலையில் ஏர்போர்ட் போகிற வழியில் நண்பர் வீட்டில் நிறுத்தி அவரிடமே கொடுத்துவிட்டுப் போனோம். வாசலுக்கு வருகிறோம் என்று முன்னாடியே போன் பண்ணிவிட்டுத்தான்.