ஏர் பைப்பில் ஆயில் தெரிந்ததும் டர்போவைக் கழற்றாதீர்கள்

போடியிலிருந்து மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகும் ஜீப்புகளும், மலையேற ஆசைப்பட்டு வாங்கிய பழைய மஹிந்திரா தார் வண்டிகளும்தான் என் பட்டறைக்கு அதிகம் வருகின்றன. புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் ஒரு தாரில் இன்ஜினுக்குக் காற்றுப் போகும் ஏர் பைப்பைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் துழாவி, ஆயிலைப் பார்த்துவிட்டு, "அண்ணே, டர்போ போச்சுண்ணே" என்றான். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் விசிறி. தொழில் பழகின காலத்தில் நாங்களும் இப்படித்தான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம். கிளாம்பை முறுக்க மறப்பது மாதிரியான சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன், அவை போகப்போகச் சரியாகிவிடும்.

ஆயில் இருந்தால் டர்போதான் என்று முடிவு கட்டுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காற்று எப்போதும் கீழே கசியும். அது ஆயில் ஆவியையும் சேர்த்துக்கொண்டு, பிரீதர் ஹோஸ் (இன்ஜின் மூச்சுவிடும் குழாய்) வழியாக, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள பைப்பில் வந்து சேரும். அதனால் எந்தப் பழைய டீசல் வண்டியிலும் அங்கே லேசான பிசுபிசுப்பு இருக்கத்தான் செய்யும். துணியில் கறை படிகிற அளவென்றால் துடைத்துவிட்டு மூடுங்கள். பைப்பைச் சாய்த்தால் வழிகிறதென்றால்தான் காரணம் தேட வேண்டும்.

தேடும்போது ஈரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். டர்போவின் வாய்க்கு முன்பே நனைந்திருந்தால், பெரும்பாலும் ஆயில் டர்போவிலிருந்து வரவில்லை, பிரீதரிலிருந்து அதற்குள் போகிறது. வாய் காய்ந்து, டர்போவுக்கு அடுத்துக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் பக்கம் மட்டும் நனைந்திருந்தால் டர்போ மேல் சந்தேகப்படலாம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

ஏன் என்றால், 2.5 லிட்டர் சிஆர்டிஇ டீசல் இன்ஜின் தார் ஒன்று என்னிடம் வந்தது. வேறொரு பட்டறையில் டர்போ மாற்றியிருந்தார்கள். திரும்பவும் ஆயில் வந்தது. "புது டர்போவே டிஃபெக்ட்" என்று சொல்லி இன்னொன்றையும் மாட்டிவிட்டார்கள். அதுவும் கசிந்தது. நான் இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் சும்மா வாய்மேல் வைத்தேன். கொதிக்கும் உலைமூடி மாதிரி அது குதித்தது. ரிங் தேய்ந்திருக்குமோ என்று பிரீதர் ஹோஸைக் கழற்றினால், உள்சுவர் ஊறி உப்பி, காற்றுப் போக ஈர்க்குச்சி அளவுக்குத்தான் வழி இருந்தது. ஹோஸை எடுத்ததும் மூடியின் ஆட்டம் அடங்கிவிட்டது.

நடந்தது இதுதான். டர்போவுக்குப் போன ஆயில் தன் எடையிலேயே கீழே வடிந்து, இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்ப வேண்டும். கீழே காற்று அடைபட்டு அழுத்தம் ஏறினால் அது வடியாமல் தேங்கி, சீலைத் தாண்டிக் காற்றுப் பக்கம் போய்விடும். எத்தனை புது டர்போ மாட்டினாலும் இதே கதைதான். சில நூறு ரூபாய் ஹோஸுக்குப் பதிலாக இரண்டு டர்போவுக்குக் காசு கொடுத்திருந்தார் அந்த மனிதர். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் உறிஞ்சல் கூடி ஆயில் இழுக்கும், அதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஹோஸை மாற்றியும் மூடி குதித்தால்தான் ரிங், போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்ததா என்ற பேச்செல்லாம்.

இன்டர்கூலரை மறப்பது

காரணத்தைச் சரிசெய்தாலும் இன்டர்கூலரின் அடியில் பழைய ஆயில் தேங்கி நிற்கும். கழற்றிக் கவிழ்த்து வடியவிடுங்கள். மொத்தமாக உறிஞ்சப்பட்டால் இன்ஜின் டீசலை விட்டுவிட்டு அந்த ஆயிலிலேயே தறிகெட்டு ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்போது டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டு அணைக்க வேண்டும். இல்லையென்றால் காற்று வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையை வைக்காதீர்கள்.

ஆயில் பாத் ஃபில்டரில் கோட்டைத் தாண்டி ஊற்றுவது

பேஜோ இன்ஜின் எம்எம்540 போன்ற பழைய ஜீப்புகளில் பழிபோட டர்போவே கிடையாது. உடனே "ரிங் போச்சு" என்பார்கள். தூசியைப் பிடிக்க ஆயில் ஊற்றிவைக்கும் ஏர் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு அளவுக் கோடு இருக்கும். "கொஞ்சம் கூட இருந்தால் நல்லது" என்று யாராவது அதற்குமேல் ஊற்றியிருப்பார்கள். இல்லையென்றால் அடியில் சேறு ஏறி, ஆயில் தானாக மேலே வந்திருக்கும். ஏற்றத்தில் சாய்ந்ததும் அது நேரே இன்ஜினுக்குள் போகும். சேற்றை வழித்து, கம்பி வலையை டீசலில் அலசி, வடிந்து காய்ந்த பிறகு கோடு வரை ஊற்றுங்கள். கோடு வரை மட்டும்.

டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டுவது

வேண்டாம். ஊற்றாமலே இந்த அளவுக் கம்பியில் ஆயில் ஏறினால் டீசல் கலந்திருக்கலாம், மோந்து பாருங்கள்.

வடிகால் பைப்பில் பேஸ்ட் அப்புவது

டர்போவின் கீழ்ப் பைப்புக்குப் பேக்கிங் போதும். பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து வழியை அடைக்கும்.

ஷாஃப்டை ஆட்டிப் பார்த்துப் பயப்படுவது

பக்கவாட்டில் துளி ஆட்டம் நல்ல டர்போவிலும் இருக்கும், ஓடும்போது ஆயில் அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கையில் தெரிகிறதா, விசிறி கூட்டில் உரசிய தடம் இருக்கிறதா? அப்போது தாராளமாக மாற்றுங்கள். கூடவே டர்போவுக்கு ஆயில் வரும் பைப்பையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.