டேப்லெட்டுக்கு ஒரு ஜிபிஎஸ் ரிசீவர்: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சில்லு கிடையாது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் சிலவற்றிலும் இதே நிலைதான். சில்லு இருக்கும் டேப்லெட்டிலும், ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும் சிறிய ஆண்டெனாவால் செயற்கைக்கோளின் மெல்லிய சமிக்ஞையை மரத்தடியில் பிடித்து வைத்திருக்க முடிவதில்லை. அதற்காக நல்ல நிலையில் இருக்கும் டேப்லெட்டை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்க வேண்டியதில்லை. தனி ரிசீவர் ஒன்றை இணைத்துக்கொண்டால் போதும். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களின் கரைகளையும் மடைகளையும் வரைபடத்தில் குறிப்பதற்கு நான் இந்த முறையைத்தான் பின்பற்றி வருகிறேன். முதன்முறையாக வாங்கப் போகிறவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே முடிவெடுத்தால் பணம் வீணாகாது.

படி 1: எவ்வளவு துல்லியம் வேண்டும்?

ஒரு மடை எங்கே இருக்கிறது என்று குறிக்க 3 முதல் 5 மீட்டர் வரையிலான துல்லியம் போதும்; திறந்தவெளியில் சாதாரண ரிசீவரே அதைத் தந்துவிடும். அருகருகே நிற்கும் இரண்டு பனைமரங்களைத் தனித்தனியாகக் குறிக்க வேண்டுமானால் ஒரு மீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். சென்டிமீட்டர் கணக்கில் வேண்டுமென்றால் ஆர்டிகே எனப்படும் உடனடித் திருத்த முறையில் இயங்கும் ரிசீவரும், சர்வே ஆஃப் இந்தியா நடத்தும் கோர்ஸ் நிலையங்களைப் (இடம் துல்லியமாகத் தெரிந்த, எப்போதும் இயங்கும் நிலையங்கள்) போன்ற ஒரு நிலையத்திலிருந்து இணையம் வழியாக வந்துகொண்டே இருக்கும் திருத்தத் தரவும் தேவை. சாதாரண ரிசீவரில் அளந்த எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்காரரிடம் தயவுசெய்து வாதாட வேண்டாம். அந்தக் கோடு சில மீட்டர் தள்ளி விழுந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

படி 2: டேப்லெட்டும் ரிசீவரும் பேசிக்கொள்ளுமா?

நான் சறுக்கிய இடம் இதுதான். முதலில் வாங்கிய புளூடூத் ரிசீவரை நண்பரின் ஐபேடுடன் இணைக்க ஒரு மாலை முழுவதும் போராடினேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. பழைய வகைப் புளூடூத் ரிசீவர்கள் சீரியல் போர்ட் முறையில் தரவை அனுப்புகின்றன. ஆப்பிள் சாதனங்களோ அந்த வழியில் எம்எஃப்ஐ என்ற ஆப்பிளின் சான்று பெற்ற கருவிகளை மட்டுமே ஏற்கும். எனவே ஐபேடு வைத்திருப்பவர்கள் அந்தச் சான்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். குறைந்த ஆற்றல் புளூடூத் வகை ரிசீவராக இருந்தால், தாங்கள் பயன்படுத்தும் செயலி அதனுடன் இயங்குமா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண்ட்ராய்டில் வழி எளிது. கியூஃபீல்டு போன்ற வரைபடச் செயலிகள் புளூடூத் ரிசீவரை நேரடியாகவே படிக்கும். மற்றச் செயலிகளுக்கு, அமைப்புகளில் ‘பில்டு நம்பர்’ என்பதை ஏழு முறை தட்டி டெவலப்பர் பகுதியைத் திறந்து, ‘மாக் லொகேஷன்’ என்ற இடத்தில் ரிசீவருக்கான இணைப்புச் செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தச் சாதனமாக இருந்தாலும், ரிசீவர் என்எம்இஏ 0183 வடிவில் தரவு தருகிறதா என்று பெட்டியில் பாருங்கள். அது பொது மொழி. பெரும்பாலான வரைபடச் செயலிகளுக்குப் புரியும்.

படி 3: ஓர் அதிர்வெண்ணா, இரண்டா?

ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டூ ஆகிய நான்கு செயற்கைக்கோள் அமைப்புகளையும் பிடிக்கும் ரிசீவர் இன்று எளிதாகக் கிடைப்பதால், வானில் எத்தனை செயற்கைக்கோள் தெரியும் என்ற கவலை குறைந்துவிட்டது. நம் பகுதிக்கு அதைவிட முக்கியமானது செயற்கைக்கோள்கள் சமிக்ஞை அனுப்பும் எல்1, எல்5 என்ற இரண்டு அதிர்வெண்களையும் பிடிப்பது. பூமியின் காந்தப்புல நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். இந்தக் கோட்டுக்கு அருகில், வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் அடர்த்தியாகவும் அமைதியின்றியும் இருப்பதால், சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சமிக்ஞை அங்கே தாமதமாகிறது. அந்தத் தாமதம் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் வேறுபடும் என்பதால், இரண்டையும் பிடிக்கும் ரிசீவர் அதைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். ஒன்றை மட்டும் பிடிப்பது ஒரு பொதுவான மதிப்பீட்டை நம்பியே இருக்க வேண்டும். சுவரிலும் பாறையிலும் பட்டுத் திரும்பிவரும் போலிச் சமிக்ஞையைப் பிரித்தறிவதிலும் எல்5 மேலானது.

பெட்டியில் நாவிக் (இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு) என்று இருந்தால் எந்த அதிர்வெண்ணில் என்று கேளுங்கள். 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01-க்கு முந்தைய நாவிக் செயற்கைக்கோள்கள் எல்1-இல் ஒலிபரப்புவதில்லை. எனவே எல்1 மட்டும் பிடிக்கும் ரிசீவருக்கு அவற்றால் பயனில்லை. ககன் சேவைக்கு அந்தச் சிக்கல் கிடையாது. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய அந்தத் திருத்தச் சேவை ஜிபிஎஸ்ஸின் எல்1 அதிர்வெண்ணிலேயே கட்டணமின்றி வருகிறது. எஸ்பாஸ் (செயற்கைக்கோள் வழியே வரும் திருத்தம்) வசதியும், அதில் ககனும் உண்டு என்று குறிப்பிட்டிருக்கும் ரிசீவரையே வாங்குங்கள்.

படி 4: ஆண்டெனாவும் பேட்டரியும்

சதுரமான பீங்கான் தகடு ஆண்டெனா என்றால் அதன் முகம் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். சட்டைப்பையில் செங்குத்தாகச் செருகினால் பாதி வானத்தை இழப்பீர்கள். நான் தொப்பியின் உச்சியில் வெல்க்ரோ வைத்து ஒட்டிக்கொள்கிறேன். உருளை வடிவ ஹெலிக்கல் ஆண்டெனா சற்றுச் சாய்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். பேட்டரி ஒரு பகல் முழுவதும் தாங்கினால் போதும். நடந்து அளப்பவருக்கு நொடிக்கு ஒரு முறை இடம் காட்டுவதே தாராளம். நொடிக்குப் பத்து முறை என்று சொல்லி விலை கூட்டுவதற்கு மயங்க வேண்டாம்.

படி 5: வரும் தரவைக் கண்ணால் பாருங்கள்

ரிசீவர் வந்ததும் அதை இணைத்து, செயலியில் $GPGGA அல்லது $GNGGA என்று தொடங்கும் ஜிஜிஏ வரியைத் தேடுங்கள். நேரத்துக்கு அடுத்து அட்சரேகை 0955.2100 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதை 9.5521 பாகை என்று படித்துவிடக் கூடாது. 9 பாகை 55.21 நிமிடம் என்பதே அதன் பொருள். 55.21-ஐ 60-ஆல் வகுத்துச் சேர்த்தால் 9.92017 பாகை கிடைக்கும். தவறாகப் படித்தால் உங்கள் கண்மாய் வரைபடத்தில் சுமார் 40 கி.மீ. தெற்கே போய் நிற்கும். தீர்க்கரேகைக்கு அடுத்து வரும் ஒற்றை இலக்கத்தையும் கவனியுங்கள்: 0 என்றால் இடம் இன்னும் கிடைக்கவில்லை, 1 என்றால் சாதாரண நிலை, 2 என்றால் ககன் போன்ற திருத்தம் சேர்ந்துவிட்டது, 4 என்றால் ஆர்டிகே உறுதிப்பட்டுவிட்டது.

படி 6: மொட்டைமாடியில் ஒரு சோதனை

வாங்கிய பொருளைத் திருப்பித் தருவதற்கான கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியும் சுவரும் மறைக்காத இடத்தில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்து, அதன்மேல் ரிசீவரை அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் வேறொரு நேரத்தில், முடிந்தால் பொழுது சாய்ந்த பின், அதே புள்ளியில் மறுபடியும் பதிவு செய்யுங்கள். அயனி மண்டலத்தின் குழப்பம் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். இரண்டு நாள் பதிவுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டு, இரண்டு புள்ளிக்கூட்டங்களின் நடுவிடங்களுக்கும் இடையில் எத்தனை மீட்டர் என்று அளந்து, படி 1-இல் நீங்கள் முடிவு செய்த துல்லியத்துடன் ஒப்பிடுங்கள். அதைத் தாண்டினால், பெட்டியைக் கிழிக்காமல் கடைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.