புரோலாக்டின் மாத்திரையும் இதய வால்வும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஏறியதற்காக, அதைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரை சாப்பிடும் பெரும்பாலானோருக்கு இதயத்தில் எந்தக் கோளாறும் வருவதில்லை. "வால்வைக் கெடுக்கும்" என்று எங்கோ படித்துவிட்டுத் தானாக மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய தவறு. நிறுத்தினால் புரோலாக்டின் மறுபடி ஏறலாம். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருந்தால் அது வளர்ந்து பார்வை நரம்பை அழுத்தலாம்.

அந்தப் பயம் வந்தது 2007-ல் வெளியான ஆய்வுகளால். கை நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய்க்காக இதை மாதக்கணக்கில் எடுத்தவர்களுக்கு, அதிலும் தினமும் 3 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு, வால்வு தடித்து ரத்தம் பின்னோக்கிக் கசிந்தது. வால்விலுள்ள செரட்டோனின் ஏற்பிகளை மருந்து தூண்டுவதே காரணம். புரோலாக்டினுக்குத் தரும் அளவோ பெரும்பாலும் வாரத்துக்கே 0.5 முதல் 1 மில்லிகிராம்தான்.

அதனால்தான் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் எடுக்க வேண்டிய மாத்திரையைத் தினமும் விழுங்குவது ஆபத்து. தைராய்டு மாத்திரையோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் இது எளிதில் நடக்கும். டாக்டர் சொன்ன நாட்களை, உதாரணமாக "திங்கள், வியாழன்" என்று, அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

"ஈசிஜி நார்மல்" என்று நிம்மதியாக இருந்துவிடுவதும் தவறு. வால்வுக் கசிவைக் காட்டுவது எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன். தொடங்கும் முன் ஒரு எக்கோ. பிறகு வாரத்துக்கு 2 மில்லிகிராம் வரை என்றால் ஐந்து ஆண்டில் ஒருமுறை, அதற்கு மேல் என்றால் ஆண்டுதோறும் என்பது பிரிட்டன் மருத்துவச் சங்கங்களின் 2019 பரிந்துரை. உங்களுக்கு எப்போது என்பதை ஹார்மோன் நிபுணரான எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள்.

மும்பையில் இன்னொன்றும் உண்டு. தாராவியிலோ செம்பூரிலோ பக்கத்து கிளினிக்கில் பெயர் தெரியாத மாத்திரைகளைப் பொட்டலமாகக் கொடுப்பார்கள். கேபர்கோலின் எடுப்பதைச் சொல்லாமல் வாங்காதீர்கள், பெயரையும் எழுதி வாங்குங்கள். வாந்திக்கும் அசிடிட்டிக்கும் தரும் டோம்பெரிடோன் புரோலாக்டினை ஏற்றும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கேபர்கோலினை உடம்பில் கூட்டும். டோம்பெரிடோனும் கிளாரித்ரோமைசினும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

தாதர் ஸ்டேஷன் பாலம் ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினால், "வயசு, வெயிட்" என்று தள்ளிப்போடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, கணுக்கால் வீக்கம், விடாத வறட்டு இருமல் இருந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தனியார் செலவு கட்டுபடியாகாதவர்களுக்குப் பரேல் கேஇஎம், சயான் மருத்துவமனைகளில் இதயப் பிரிவு இருக்கிறது. போகும்போது பழைய எக்கோ ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். கசிவு புதிதா, முன்பே இருந்ததா என்று ஒப்பிட அது வேண்டும்.